ஊர் வேறு, வதிவு வேறு

விழா மலரொன்றிலே தமிழாசிரியர் ஒருவர் வருமான வரியைப் பற்றி எழுதப் புகுவதைக் கண்டு, இலக்கியத்துக்கும் சமயத்துக்கும் உரிய பக்கத்தில் இஃதென்ன புதுமை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். அவர்க்கு யாம் கூறும் விடை எளிது. இன்று எமது கல்லூரியின் பழைய மாணவரிற் பலர் இரண்டு நாடுகளுக்கிடையே வாழ்கின்றனர். இலண்டனில் வீடும் கொக்குவிலில் வளவும் உடையார் உளர். ரொறன்ரோவிற் பிள்ளைகளும் வண்ணார்பண்ணையில் தாயாரும் உடையார் உளர். யாழ்ப்பாணத்தில் தம் வீட்டு விறாந்தையில் இருந்தபடியே மெல்பேணிலுள்ள நிறுவனத்துக்குக் கணினிவழிப் பணி செய்து, டொலரில் ஊதியம் பெறும் இளைஞரும் உளர். இவரனைவரையும் ஒரு சொல் விடாது பின்தொடர்கின்றது. வதிவு என்பதே அச்சொல். சொல்லொன்றின் பொருளை மயங்க உணர்வதால் எம்மவர் பணமும் நிம்மதியும் இழப்பதைக் காணுமிடத்து, அதனை எடுத்துரைத்தல் தமிழாசிரியர் தொழிலுக்குப் புறம்பானதன்று.

"நீர் எந்த ஊர்?" என்று கேட்டால் எம்மவர் தாம் பிறந்த ஊரையே சொல்வர். நாற்பது ஆண்டுகளாக நோர்வேயில் வாழ்ந்தவரும் "நான் புங்குடுதீவு" என்பாரேயன்றி ஒஸ்லோ என்னார். அஃது அன்பின் விடை. அதில் யாம் குறை காணோம். ஆயின் இறைவரிச் சட்டம் கேட்பது அந்தக் கேள்வியையன்று. எந்த மண்ணில் உமது மனம் கிடக்கின்றது என்றோ, எந்தக் கோயிற் கொடியேற்றத்துக்கு நீர் ஓடி வருகின்றீர் என்றோ அது கேளாது. எந்த நாட்டின் கடவுச்சீட்டு உமது பையில் உளது என்பதையும், அமெரிக்கா முதலான மிகச்சில நாடுகள் தவிர, பிற நாட்டுச் சட்டங்கள் முதற்கண் கேட்பதில்லை. எங்கே தங்கினீர், எத்தனை நாள் தங்கினீர், எவரோடு தங்கினீர் என்பனவே அதன் வினாக்கள். வதிதல் என்ற வினைக்குத் தங்குதல் என்பதே பொருள். பறவைகள் பொழிலில் வதிவதைப் பழந்தமிழ்ப் புலவர் பாடியிருக்கின்றனர். பறவை பகலெல்லாம் எங்கு பறந்ததென்பதன்று, இரவில் எந்தக் கொம்பில் அடைந்தது என்பதே வதிவு. இங்கிலாந்தின் வரிச் சட்டமும் ஒருவர் அந்நாட்டில் இருந்த நாட்களைப் பொதுவாக நள்ளிரவைக் கொண்டே எண்ணுகின்றது. நள்ளிரவில் அந்நாட்டு மண்ணில் இருந்தால் அந்நாள் கணக்கில் ஏறும். எமது மொழிபெயர்ப்பாளர் 'வதிவு' என்ற சொல்லைத் தேர்ந்தது நல்ல தேர்வே என்று யாம் கருதுகின்றோம்.

இனி எமது நாட்டுச் சட்டத்தை நோக்குவோம். இலங்கையில் வருமான வரி 1932 ஆம் ஆண்டிற் புகுந்தது. இப்பொழுது வழங்குவது 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும் ஆகும். இங்கு வதிபவர் தமது உலகளாவிய வருமானம் முழுவதுக்கும் வரிக்கு உட்பட்டவர். வதியாதவர் இலங்கையிற் பிறந்த வருமானத்துக்கு மட்டுமே உட்பட்டவர். இலங்கையில் வழக்கமாகக் குடியிருப்பவர் வதிவுடையவர் என்பது வெளிப்படை. அவ்வாறு குடியிருக்காவிடினும், 183 நாளோ அதற்கு மேலோ இங்கு இருந்தவரும் வதிவுடையவர் ஆவார். இந்த 183 என்ற எண்ணை எம்மவர் யாவரும் அறிவர். அதனை எதற்குள் எண்ணுவது என்பதை அறிந்தவர் சிலரே.

பலர் நினைப்பது இது: மதிப்பாண்டு ஏப்பிரில் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடிகின்றது, அந்தப் பெட்டிக்குள் 182 நாளோடு நின்றுகொண்டால் தப்பிவிடலாம். சட்டத்தின் சொற்கள் அவ்வாறு இல்லை. அந்த மதிப்பாண்டினுள் தொடங்குகின்ற அல்லது முடிகின்ற எந்தப் பன்னிரண்டு மாத காலத்திலும் 183 நாள் சேர்ந்தால் போதும் என்பது அச்சொற்களின் கருத்து. ஓர் உதாரணம் காட்டுவோம். இலண்டனில் வாழும் ஒருவர் 2025 நவம்பர் 1 இல் யாழ்ப்பாணம் வந்து, திருவெம்பாவையும் தைப்பொங்கலும் சிவராத்திரியும் சித்திரைப் பிறப்பும் கண்டு, 2026 மே 31 இல் திரும்பினார் என்று கொள்வோம். முதலாம் மதிப்பாண்டில் அவர் இருந்தது 151 நாள். இரண்டாம் மதிப்பாண்டில் இருந்தது 61 நாள். தனித்தனியே பார்த்தால் இரண்டும் 183 ஐ எட்டவில்லை. ஆயின் தொடர்ந்து எண்ணினால் 212 நாள். 2025 ஒக்டோபரில் தொடங்கி 2026 செப்டெம்பரில் முடியும் பன்னிரண்டு மாதத்தினுள் அத்தனையும் அடங்குகின்றன. அக்காலம் முதலாம் மதிப்பாண்டினுள் தொடங்கி இரண்டாம் மதிப்பாண்டினுள் முடிகின்றது. எனவே சட்டத்தின் சொற்படி அவர் இரண்டு ஆண்டுகளிலும் வதிவுடையவராகக் கொள்ளப்படலாம். நாட்காட்டியை நம்பி இருந்தவர் நாட்காட்டியாலேயே பிடிபட்டார்.

அவரை இங்கிலாந்து விட்டுவிட்டதா என்றால், அதுவும் இல்லை. அந்நாட்டு வரியாண்டு ஏப்பிரில் 6 இல் தொடங்குவது. அன்று முதல் ஒக்டோபர் முடிய அவர் அங்கே இருந்தது 200 நாளுக்கு மேல். ஆகவே அவ்வாண்டில் அவர் அங்கும் வதிவுடையவரே. 2013 ஏப்பிரில் முதல் அந்நாட்டில் வழங்கும் வதிவுத் தேர்வோ நாட்களோடு நில்லாது, குடும்பம் அங்கு உளதா, தங்க இடம் உளதா, தொழில் உளதா, முந்திய ஆண்டுகளில் 90 நாளுக்கு மேல் இருந்தீரா என்று பந்தங்களை எண்ணுகின்றது. பந்தம் மிகுந்தவருக்குச் சில நாட்களே போதும். பந்தம் குறைந்தவருக்குப் பல நாட்கள் வேண்டும். கனடா நாள் எண்ணுமுன்னரே வீட்டையும் மனைவியையும் பிள்ளைகளையும் பார்க்கின்றது. அவுஸ்திரேலியாவின் வரியாண்டு யூலையிலும் கனடாவினது யனவரியிலும் தொடங்குவன. இந்தியாவில் எண் 183 அன்று, 182. இத்தனை பஞ்சாங்கங்களையும் ஒருங்கே வைத்துக் கணிக்க வல்ல சோதிடர் எமது ஊர்களில் இருப்பதாகத் தெரியவில்லை.

இரு நாடும் ஒருவரைத் தம்மவர் என்று உரிமை கொண்டாடினால் யாது செய்வது? அதற்காகவே நாடுகள் தம்முள் இரட்டை வரித் தவிர்ப்பு உடன்படிக்கைகள் செய்துள்ளன. இச்சிக்கல் புதியதன்று. முதலாம் உலகப் போரின் பின் வரிகள் உயர்ந்தபொழுதே எழுந்த இதனை ஆராய்ந்து, சர்வதேச சங்கத்துக்காக நான்கு பொருளியலறிஞர் 1923 இல் அறிக்கை அளித்தனர். ஒருவருடைய பொருளாதாரப் பற்று எந்நாட்டோடு என்பதே அவர்கள் கேட்ட கேள்வி. இலங்கை இன்று இங்கிலாந்து, கனடா, அவுஸ்திரேலியா, நோர்வே, சுவிற்சர்லாந்து, ஜேர்மனி, பிரான்சு, இந்தியா ஆகியவற்றோடெல்லாம் உடன்படிக்கை கொண்டுள்ளது. எம்மவர் பரந்து வாழும் நாடுகள் பெரும்பாலும் இவையே. இத்தகைய உடன்படிக்கைகளில் வழக்கமாக வரும் ஒழுங்கு அழகானது. நிலையான வீடு எந்நாட்டில் உளது என்று முதலிற் பார்ப்பர். இரண்டிலும் வீடிருப்பின், குடும்பமும் தொழிலும் உறவுகளும் எங்கே நெருக்கம் என்று பார்ப்பர். அதுவும் தெளியாவிடின் வழக்கமாக எங்கு வாழ்கின்றார் என்பர். பின்னரே குடியுரிமை. அதனாலும் தீராவிடின் இரு நாட்டு அதிகாரிகளும் கூடிப் பேசி முடிவு செய்வர். எம்மூர்ப் பெரியவர்கள் காணி வழக்கொன்றைத் தீர்க்க உட்கார்ந்தாலும் ஏறக்குறைய இந்த ஒழுங்கிலேதான் கேட்பர். உடன்படிக்கை தானாக வந்து காவாது என்பதை மாத்திரம் மறத்தலாகாது. அதன் பயனை வேண்டுபவர் தாமே விவரம் காட்டிக் கேட்கவேண்டும். அங்கே கட்டிய வரிக்குச் சான்று வைத்திருந்தால்தான் இங்கே அதனைக் கழிக்க இயலும்.

நிற்க. இப்பொழுது புதியதோர் உபதேசம் இளைஞரிடையே பரவி வருகின்றது. எந்நாட்டிலும் 183 நாள் நில்லாதே. மூன்று மாதம் தாய்லாந்து, மூன்று மாதம் மலேசியா, மூன்று மாதம் துபாய், மூன்று மாதம் ஊர் என்று சுற்று. எந்நாட்டுக்கும் வரியில்லை என்பதே அவ்வுபதேசம். இது பாதி உண்மை. பாதி உண்மை பொய்யினும் கேடு விளைப்பது. கனடாவில் வீட்டையும் மனைவி மக்களையும் வைத்துவிட்டுச் சுற்றுபவரை அந்நாடு சென்றவராகக் கருதாது. அவுஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்டவர், வேறிடத்தில் நிலையான உறைவிடம் அமைத்துக்கொண்டதைக் காட்டாதவரையில் அந்நாட்டு வதிவினரே. அமெரிக்கக் குடியுரிமை உடையவர் உலகின் எம்மூலையில் இருந்தாலும், வருமானம் அந்நாடு வகுத்த அளவைத் தாண்டின், ஆண்டுதோறும் அந்நாட்டுக்கு விவரத்திரட்டு அனுப்பவேண்டியவர். பொஸ்ரனிற் பிறந்து, பெற்றோருடன் குழந்தையாகத் திரும்பி, இணுவிலில் வளர்ந்த பிள்ளைக்கும் அவ்விதியே என்பதை அறிந்த பெற்றோர் எத்தனை பேர்? மேலும், 2017 முதல் பற்பல நாடுகள் தத்தம் வங்கிகளில் அயல்நாட்டார் வைத்திருக்கும் கணக்குகளின் விவரங்களைத் தாமாகவே ஒன்றுக்கொன்று அனுப்பி வருகின்றன. எங்கும் வதியாதவன் என்று சொல்லிக்கொள்பவனை வங்கி முதலிற் கேட்பதும், நீ எந்நாட்டில் வரிக்கு வதிபவன் என்ற கேள்வியே. அதற்கு எழுத ஒரு விடை வேண்டும்.

இவ்வுபதேசத்தை யாம் வெறுப்பதற்குச் சட்டம் மட்டும் காரணமன்று. எந்த வீதியில் நடக்கின்றாயோ, எந்த ஆசுபத்திரியில் உன் தாய் படுத்திருக்கின்றாளோ, எந்தப் பள்ளியில் காசின்றிப் படித்தாயோ அவற்றுக்கெல்லாம் எவரோ வரி கட்டினர். இலவசக் கல்வியாற் கற்று, அக்கல்வியைக் கொண்டு டொலர் ஈட்டி, அந்த எவரோ நானல்லேன் என்பது எமது மாணவர் வாயில் வரத்தகாத வாக்கு.

பணம் வரும் திசையைப் பற்றிய மயக்கமோ இன்னும் பெரிது. எமது பாட்டனார் காலத்தில் இம்மயக்கம் இல்லை. மலாயாவுக்குக் கப்பலேறிய யாழ்ப்பாணத்தார் இரயில்வேயிலும் திறைசேரியிலும் நிலஅளவையிலும் அங்கேயே இருந்து உழைத்தனர். உழைத்த கையும் உண்ட வாயும் உறங்கிய பாயும் ஒரே நாட்டில் இருந்தன. ஊருக்கு வந்தது மணியோடர் ஒன்றே. பின்னர் ஓய்வூதியத்தோடு தாமும் வந்தனர். மலாயாவில் வருமான வரிச் சட்டம் பிறந்ததே 1947 இல். இன்றோ கை கொக்குவிலில் உழைக்கின்றது. கூலி மெல்பேணிலிருந்து வருகின்றது. இடையிலே நிற்கும் நிறுவனம் அமெரிக்காவில் இருக்கின்றது. பணம் அங்கிருந்து வருவதால் அஃது அங்கத்தைய விடயம் என்று இளைஞர் நினைக்கின்றனர். பணி செய்த இடத்தையும் பணி செய்தவரின் வதிவையும் சட்டம் நோக்குமேயன்றி, காசோலை எழுதியவரின் முகவரியை அன்று. காணொளியிலிருந்து வரும் வருவாய் போன்ற சில இதற்கு விலக்கு. யூடியூப்பிற் சமையலோ பாடமோ காட்டுவோர்க்கு, அமெரிக்காவிலுள்ளோர் பார்த்ததால் வந்த பங்கில் 2021 யூன் முதல் அந்நாட்டு வரி பிடிக்கப்படுகின்றது. உரிய படிவத்தை நிரப்பாதவருக்கு மொத்த வருவாயிலேயே நூற்றுக்கு 24 வரை பிடிப்பதற்கு இடமுண்டு. ஒரு படிவத்தைச் சோம்பலால் விட்டவர் கொடுக்கும் விலை அது.

இலங்கையில் இருந்தபடி அயல்நாட்டார்க்குச் சேவை செய்து, அந்நியச் செலாவணியில் வங்கிவழிப் பெற்ற வருமானம் 2025 மார்ச் 31 வரை வரிவிலக்குப் பெற்றிருந்தது. 2025 ஏப்பிரில் 1 முதல் அவ்விலக்கு நீங்கிற்று. ஆயினும் அவ்வருமானத்துக்கு உச்சவீதம் நூற்றுக்கு 15 என்று எல்லை கட்டப்பட்டது. அதே நாளில் தனிநபர் நிவாரணம் ஆண்டுக்கு 12 இலட்சத்திலிருந்து 18 இலட்சம் ரூபாவாக உயர்ந்தது. இம்மாற்றத்தை எதிர்த்து எழுந்த குரல்களை யாம் செவிமடுத்தோம். அவற்றின் நியாயத்தைக் கணக்கால் அளந்து பார்ப்போம்.

மாதம் மூன்று இலட்சம் ரூபா ஈட்டும் இருவரைக் கொள்வோம். ஒருவர் அரச வைத்தியசாலையில் வைத்தியர். மற்றவர் வீட்டிலிருந்து அயல்நாட்டுக்குப் பணி செய்பவர். ஆண்டு வருமானம் இருவருக்கும் 36 இலட்சம். நிவாரணம் நீக்கினால் வரிக்குரியது 18 இலட்சம். இருவருக்கும் முதற் பத்து இலட்சத்துக்கு நூற்றுக்கு 6 வீதம், அதாவது 60,000 ரூபா. எஞ்சிய எட்டு இலட்சத்தில் வைத்தியர் ஐந்து இலட்சத்துக்கு நூற்றுக்கு 18 ஆக 90,000 உம், மூன்று இலட்சத்துக்கு நூற்றுக்கு 24 ஆக 72,000 உம் கட்டுகின்றார். ஆக 2,22,000. மற்றவர் அந்த எட்டு இலட்சத்துக்கும் நூற்றுக்கு 15 ஆக 1,20,000 கட்டினாற் போதும். ஆக 1,80,000. வருமானம் ஏற ஏற இடைவெளி விரியும். ஏனெனில் வைத்தியருக்கு வீதம் 36 வரை ஏறும். இதற்குமேல் வைத்தியரின் வரி சம்பளம் கைக்கு வருமுன்னரே பிடிக்கப்படுகின்றது. எம்போன்ற ஆசிரியர் பலரின் சம்பளம் மாதம் ஒன்றரை இலட்சம் என்ற எல்லையை எட்டுவதேயில்லை. ஆதலால் யாம் இதில் வழக்காளியுமல்லேம், எதிராளியுமல்லேம். 2022 இல் நாடு கடன் கட்ட இயலாது நின்றதையும், 2023 யனவரியில் வரி உயர்ந்தபொழுது வைத்தியரும் பல்கலைக்கழக விரிவுரையாளரும் வீதிக்கு வந்ததையும் கண்டவர்கள், ஒரே வீதியில் அடுத்தடுத்து வாழும் இருவருள் ஒருவர் மட்டும் ஒன்றுமே கட்டாதிருத்தல் நெடுநாள் நிலைக்கக்கூடிய ஏற்பாடன்று என்பதை ஒப்புவர்.

ஆயின் எதிர்ப்பவர் கூறும் ஒன்றில் உண்மை உண்டு. இணையவழி ஊழியருக்கு ஊழியர் சேமலாப நிதி இல்லை, ஓய்வூதியம் இல்லை, நோய்வாய்ப்பட்ட நாளுக்குக் கூலியில்லை. இன்று பணி தருபவர் நாளை ஒரு வரிக் கடிதத்தோடு நிறுத்திவிடுவார். இத்தகையோர்க்கு விருப்பின்பேரிற் சேரத்தக்க ஓய்வூதிய ஏற்பாடொன்றை அரசு பரவலாக்குமானால், கட்டும் வரியின் கைப்பு ஓரளவு குறையும். சலுகை வீதம் வங்கிவழி நாட்டுக்குக் கொணரப்படும் பணத்துக்கே உரியது என்பதையும் இளைஞர் மனங்கொள்ளல் வேண்டும். உண்டியல்வழி வரும் பணம் சில ரூபா மிகுதியாகத் தோன்றினும், சான்றில்லாத பணமாகவே வீட்டுக்குள் நுழைகின்றது. பின்னொருநாள் காணி வாங்கும்பொழுதோ, மேற்படிப்புக்கு விசாக் கோரும்பொழுதோ, இப்பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அவர் வாய்மூடி நிற்கவேண்டியிருக்கும்.

மொழியைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். சட்டத்துக்குத் தமிழ் வடிவம் உண்டு. படிவங்களும் தமிழிற் கிடைக்கின்றன. வதிவு, நிவாரணம், மதிப்பாண்டு என்பன நல்ல சொற்களே. ஆயினும் வாக்கியங்கள் ஆங்கிலத்தின் முதுகில் ஏறி நடக்கின்றன. ஏழு வரிக்கு ஒரு முற்றுப்புள்ளி வைத்து எழுதினால் பண்டிதர்க்கும் மூச்சு முட்டும். எமது முன்னோர் நூலுக்கு உரை வகுத்தது போல, இச்சட்டத்தின் வதிவுப் பிரிவுக்கும் எளிய தமிழில் உதாரணங்களோடு உரையொன்று தேவைப்படுகின்றது. தமிழறிந்தவரும் வரியறிந்தவரும் ஒரு மேசையில் அமர்ந்தாலன்றி அது பிறவாது.

பழைய மாணவர் சங்கத்தார் இதனைத் தம் பணியாகக் கொள்ளலாம் என்பது எமது விண்ணப்பம். எம் மாணவருட் கணக்காளர் பலர் இங்கும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் உளர். ஒவ்வொரு நாட்டுக் கிளையும் தன் நாட்டு விதியை நான்கு பக்கத்தில் எழுதித் தந்தால், ஐம்பது பக்கத்தில் ஒரு கைநூல் ஆகிவிடும். தமிழ்த் திருத்தத்தை யாம் ஏற்போம். கைநூல் வருமுன்னரேனும், வந்து போவோர் ஒரு சிறு நாட்குறிப்பு வைத்திருத்தல் நன்று. வந்த நாளும் போன நாளும், எந்த நாட்டில் இருந்து எந்தப் பணியைச் செய்தார் என்பதும், பணம் வந்த வங்கிச் சீட்டும் அதில் இருந்தாற் போதும். மதிப்பாண்டுக்குரிய விவரத்திரட்டு நவம்பர் 30 இல் சேரவேண்டும். ஆதலால் ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதச் சனிக்கிழமைகளில் கல்லூரி நூலகத்தைப் பிற்பகல் திறந்துவைத்து, கணக்காளர் இருவரை அங்கே இருத்தினால், வீட்டு விறாந்தையில் தனித்திருந்து அஞ்சும் இளைஞர் தம் சீட்டுகளோடு வந்து கேட்பர். நூலகத்தில் நீண்ட மேசை இரண்டு உண்டு, கதிரைகளும் போதியன.